ஓரத்தில் நின்றவர்

20 ஏப்ரல் 1982, செவ்வாய். சித்தூர்.

மஸ்கட்டிலிருந்து தம்பி ஞானசிங் கொடுத்தனுப்பிய லென்ஸ் இன்று கைக்கு வந்து சேர்ந்தது. பதினேழு மில்லிமீட்டர். கண்ணாடி, கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெளியே புடைத்துக்கொண்டிருக்கிறது. கேமராவில் மாட்டி ஸ்டூடியோ வாசலில் நின்று பார்த்தேன். எதிர் வரிசை அப்படியே உள்ளே வந்துவிட்டது. சைக்கிள் கடை, வக்கீல் வீட்டு வேப்பமரம், மேலே கரண்ட் கம்பி, கீழே என் செருப்பு. என் செருப்பு! எடுக்கிறவளின் காலே படத்தில் விழுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (யாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்? பழக்கதோஷம்.)

வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்மாம் பெரிய கண்ணாடி. இங்க இருந்தே திருமலை தெரியும் போலக்கீது" என்றார். அது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் கிரேஸ் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். துடைப்பதிலேயே பேச்சு போயிற்று.

24 ஏப்ரல், சனி

முதல் ரோல் முழுக்கக் குப்பை. நகரி மலை, அந்த மூக்கு மாதிரியான பாறை, ரயிலில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிற பாறை, என் படத்தில் கடுகளவு. மீதி எல்லாம் வெறும் தரை, வெறும் வானம். எல்லாம் உள்ளே இருக்கிறது, ஒன்றும் இல்லை. கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தால் கோபுரம் மல்லாக்க விழுகிறது. குனிந்து பிடித்தால் வீடுகள் குப்புற விழுகின்றன. ஞானசிங் இதை எனக்குக் கொடுத்தது பாசத்திலா, வேண்டாம் என்று தள்ளிவிட்டானா?

28 ஏப்ரல், புதன்

பங்காருபாளையம் மாங்காய் மண்டி. இன்றைக்குத்தான் பிடிபட்டது.

தூரத்தில் நின்று எடுக்கவே கூடாது. வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் போக வேண்டும். போன பிறகு, பயமாக இருந்தாலும், இன்னும் ஒரு எட்டு. மாங்காய்க் கூடையின் மேல் கிட்டத்தட்ட விழுந்துகொண்டு எடுத்தேன். கூடை வண்டிச் சக்கரம் அளவுக்கு வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் மண்டி மொத்தமும், தரகர், மாடு, லாரி, மலை என்று வரிசையாக ஓடுகிறது. இத்தனை வருஷமாக "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, கண்ணு மூடாதீங்க" என்று பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அங்கேயே ஒரு ரோல் தீர்ந்துவிட்டது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பக்கவாட்டில் நிற்கிறவர்களுக்குத் தாங்கள் படத்தில் இருப்பது தெரிவதே இல்லை. கேமரா வேறு பக்கம் பார்க்கிறது என்று நினைத்து மூக்கைக் குடைகிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், தங்கள் பாட்டுக்கு ரூபாயை எண்ணுகிறார்கள். ஓரத்தில் மட்டும் முகம் கொஞ்சம் இழுபடுகிறது, சப்பாத்தி மாவை இழுத்த மாதிரி. இருக்கட்டும். திருடுவது போல இருக்கிறது. சுகமாகவும் இருக்கிறது.

2 மே, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற முதல் ஞாயிறு. மிஷன் ஹைஸ்கூல் தலைமையாசிரியர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார், அடுத்தவரை ஜூன் பத்தொன்பதாம் தேதி சபைக் கமிட்டி கூடித் தீர்மானிக்கும் என்று அசரியா போதகர் அறிவித்தார். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. பதினாறு வருஷமாகக் கணக்கு வாத்தியார். இவரை விட்டால் வேறு யார்? வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எச்செம் பெண்சாதி" என்று ஒருத்தி கிண்டல். இன்னொருத்தி என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள்: "இந்தச் சேல உங்களுக்குன்னே நெய்ஞ்சது, அக்கா. நீங்க வரலன்னாகூட சேல வந்துச்சுன்னு சொல்லலாம்."

நகரியில் தறிக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கிய அரக்குக் கட்டம். போன அக்டோபரில், கிரேஸ் மூளைக் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தபோது, ஸ்தோத்திரக் காணிக்கை வைக்க அதைக் கட்டிக்கொண்டுதான் போனேன். அதற்கப்புறம் எந்தத் திருவிருந்துக்கும் வேறு சேலை கட்டியதில்லை.

8 மே, சனி

மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் அறிவிப்பு. பயணச் சிறப்பிதழுக்குப் படம் கேட்கிறார்கள். பொறுக்கியெடுத்த ஒரு படம் நடுப்பக்கத்தில், இரண்டு பக்கமும் பரவி, எடுத்தவர் பெயரோடு.

கங்கம்மா ஜாத்திரை. வேறு எது? திருப்பதியே அன்றைக்குத் தலைகீழாக நிற்கும். ஆம்பிளைகள் வேண்டுதலுக்குச் சேலை கட்டி, பூ வைத்து, முகத்தில் பூசிக்கொண்டு தெருவில் வருவார்கள். இந்த லென்ஸுக்கென்றே செய்த தெரு.

ஆனால் நம் சபையில் ஒருத்தி ஜாத்திரைக்குப் போனாள் என்றால்? அதுவும் கமிட்டி கூடுகிற நேரத்தில்? படம் எடுக்கத்தான் போனேன் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் முதலில் பேசிவிட்டுத்தான் புரிந்துகொள்வார்கள்.

11 மே, செவ்வாய்

பொய் சொல்லிவிட்டேன். பதினெட்டாம் தேதி நகரியில் ஒரு கல்யாண ஆர்டர் என்று. அவர் உடனே, "அன்னிக்கு நானும் வேலூர் போவணும். இஸ்கூலுக்கு பெஞ்சு பார்க்கச் சொல்லிக்கீறாங்க" என்றார். கிரேஸை அடுத்த வீட்டு மணியம்மாவிடம் விட்டுப் போகிறோம். இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

18 மே, செவ்வாய்

இப்போதுதான் வீடு வந்தேன். அவர் இன்னும் வேலூரிலிருந்து வரவில்லை. கை கால் எல்லாம் குங்குமம், வேர்வை. குளிப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

பயந்துதான் போனேன். காலையில் பஸ் புத்தலப்பட்டு தாண்டும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. கோயில் தெருவில் நுழைந்ததும் நெரிசல். பொங்கல் புகை. வேப்பிலை. மீசையும் மல்லிகைப்பூவுமாக ஆம்பிளைகள். வேஷத்தில் இருப்பவன் வாயில் வந்ததைத் திட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது இங்கே வழக்கம். மூஞ்சியில் கரி பூசிய ஒருவன் என் எதிரே வந்து நின்று, தெலுங்கில் என் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டுச் சிரித்தான். கேமராவைத் தூக்கி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். "அம்மோ, போட்டோ!" என்று வெட்கப்பட்டு முக்காடு போட்டுக்கொண்டான். பாவி.

கிட்டே போக வேண்டும், கிட்டே. போனேன். தள்ளினார்கள், தள்ளினேன். ஒரு பெரிய உருவம், பட்டுச்சேலை, தொப்பை, கண்ணில் கண்ணீர். கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். அவன் கை என் நெற்றியில் இடிக்கிற தூரம். பின்னால் தெரு மொத்தமும் அவனைச் சுற்றிச் சுழல்கிறது. அந்த நேரம் தெருக்கோடியில் புகை விலகி வெயில் இறங்கியது. அழுத்தினேன். ஒன்றே ஒன்று. அடுத்ததற்குள் மறைந்துவிட்டான்.

கிடைத்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

20 மே, வியாழன்

கழுவினேன். இருக்கிறது! சின்ன பிரிண்ட் ஒன்று போட்டு இன்றே தபாலில் அனுப்பிவிட்டேன். ஓரங்களில் இழுபட்ட மூஞ்சிகள் ஏழெட்டு. இடது ஓரத்தில் ஒருத்தர் மட்டும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். மற்ற எல்லோரும் சாமியில் இருக்க, அவர் மட்டும் எதற்கோ பயந்து நிற்கிற மாதிரி. யாரோ. அதனால்தான் படம் நிற்கிறது.

22 மே, சனி

சாப்பிடும்போது அவர் கேட்டார்: "நகரிக் கல்யாணம் எப்டி இருந்துச்சு?"

நல்லா இருந்துச்சு என்றேன். வேலூர் பெஞ்சு எப்படி என்று நானும் கேட்டேன். நல்லா இருந்துச்சாம்.

3 ஜூன், வியாழன்

என் படம்தான்! நடுப்பக்கம்! இருபதாம் தேதி இதழ். பெரிய பிரிண்ட் போட்டு உடனே அனுப்பச் சொல்லி உதவி ஆசிரியர் வேதாச்சலம் எழுதியிருக்கிறார். 'படம்: கிருபாவதி தியோடர், சித்தூர்' என்று போடுவார்களாம். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஓடினேன். ஜாத்திரை என்றதும் அவர் முகம் செத்துப்போயிற்று. கமிட்டியை நினைத்துப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "படம் எடுக்கறது பாவமா? நான் பேசிக்கிறேன் போதகர் கிட்ட" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

5 ஜூன், சனி

பெரிய காகிதத்தை டெவலப்பரில் போட்டேன். முதலில் அந்தத் தொப்பைக்காரன் வந்தான். பிறகு குழந்தை, தெரு, புகை. கடைசியாக ஓரங்கள்.

கட்டம் போட்ட சேலை. கட்டத்துக்குள் சின்ன இரட்டைக் கோடு. அந்தக் கோடு நான் சொல்லிப் போட வைத்தது.

மேலே முகம். அப்பிய பூச்சு, பொட்டு, ஒரு பக்கமாக இழுபட்ட கன்னம். கண்.

கண் இழுபடவில்லை.

காகிதத்தை எடுக்க மறந்து கறுத்துப்போயிற்று. இன்னொன்று போட்டேன். அதே கண். வெளியே வந்து பீரோவைத் திறந்தேன். சேலை மடிப்பு என் மடிப்பு இல்லை. முந்தானை உள்பக்கம் குங்குமக் கறை, காசு அகலம்.

என் சேலையைக் கட்டிக்கொண்டு. என் சேலையை! என்னிடம் வேலூர் என்று சொல்லிவிட்டு. இன்னாத்துக்கு? எதுக்கு?

6 ஜூன், ஞாயிறு

திருவிருந்து. நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். "அரக்கு எங்க அக்கா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேர் போதும். பெண்கள் எல்லோருக்கும் அந்தச் சேலை தெரியும். முகம் எப்படி இழுபட்டிருந்தாலும் சேலையைப் பார்த்த நிமிஷம் முகத்தையும் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு பக்கம் பரவிய படம். பதினேழாம் தேதியே பத்திரிகை இங்கே கடைக்கு வந்துவிடும். பத்தொன்பது கமிட்டி.

அவர் முழங்காலிட்டுக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். துளி சிந்தவில்லை. என் நீலச் சேலையில்தான் ஒரு சொட்டு விழுந்தது.

7 ஜூன், திங்கள்

பேசவில்லை. பேச ஆரம்பித்தால் கத்திவிடுவேன்.

8 ஜூன், செவ்வாய்

பிரிண்டை உள்ரூம் கொடியில் துண்டுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். மத்தியானம் அவர் துண்டு எடுக்க உள்ளே போனார். வெளியே வரவே இல்லை. நான்தான் போனேன். படத்துக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப பார்த்த?"

"சனிக்கெழம."

"இத்தினி நாளா சொல்லாம இருந்தியா?"

"நீங்க எத்தினி மாசமா சொல்லாம இருந்தீங்க?"

பிறகு சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திருப்பதி ஆஸ்பத்திரியில் கிரேஸ் நினைவில்லாமல் கிடந்தாளே, அப்போது. "நீ முட்டி போட்டுக்கினு ஜெபம் பண்ணிக்கினே இருந்த. எனக்கு ஒரு வார்த்த வரல கிருபா. வாயத் தொறந்தா காத்துதான் வருது. நீ கேக்கற தேவன் என்ன கேக்க மாட்டாருன்னு தோணிப்போச்சு. பக்கத்துப் பெட்டுல ஒரு அம்மா இருந்துச்சே, அது பிள்ளையும் படுத்துக்கினு இருந்துச்சு. 'கெங்கம்மாவுக்கு வேஷம் கட்டறேன்னு வேண்டிக்கோ சார், உன் ஊட்டுப் பொம்பள சேலையில' அப்டின்னுச்சு. சரின்னு தலையாட்டினேன். மறுநாள் பாப்பா தண்ணி கேட்டா."

"அதனாலதான் பொழச்சான்னு நெனைக்கிறீங்களா?"

"தெரியல. ஆனா வாக்குக் குடுத்துட்டு செய்யாம இருக்க பயம். இந்தக் கோடையில அவ தும்மினாக்கூட எனக்கு ஈரல்குலை ஆடிப்போவுது."

எனக்கு வந்தது கோபமா, அழுகையா? இரண்டும் வந்தது. அத்தனை நாள் அந்த சிமெண்ட் தரையில் முட்டி தேய நான் கேட்டது போதவில்லையா? இன்னொரு பக்கமும் சீட்டுப் போட்டு வைக்க வேண்டியிருந்ததா? இதை அப்படியே கேட்டேன். "உன் ஜெபம் போதலன்னு இல்ல. என்து இல்லவே இல்ல. அதான்" என்றார்.

என்னைப் பார்த்தீர்களா அங்கே என்று கேட்டேன். "பார்த்தேனே! நகரியில இருக்கறவ எதுர்ல நிக்கற. ஓடலாம்னா சேல கால்ல சுத்திக்கிச்சு. நீ தெருக்கோடியப் பார்த்துக்கினு இருந்த. அந்தக் கண்ணாடி தூரத்துல கீறதத்தானே புடிக்கும்? அதான் உன் பக்கத்துலயே வந்து நின்னுக்கினேன்."

வெடித்துச் சிரித்துவிட்டேன். சிரிக்கிற நேரமா அது? தூரத்தில் நின்றிருந்தால் கடுகாகப் போயிருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது. கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டுச் சரியாக வந்து மாட்டியிருக்கிறார். அவரும் சிரித்தார். அப்புறம் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கிட்டே போய் உட்கார்ந்தேன், தொடவில்லை.

"ஓரத்த வெட்டிடு, கிருபா" என்றார்.

9 ஜூன், புதன்

வெட்டிப் பார்த்தேன். முதலில் கறுப்புக் காகிதத்தை ஓரத்தில் வைத்து மறைத்து, அப்புறம் நிஜமாகவே கத்தரியால்.

தொப்பைக்காரன் இருக்கிறான், குழந்தை இருக்கிறது, வெயில் இறங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய திருவிழாப் படம். காலண்டரில் போடலாம். அவர் இருந்தால்தான் அத்தனை பேர் சந்தோஷத்துக்கும் நடுவில் ஒரு மனுஷன் தெரிகிறான். கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்கு மட்டுமா அப்படி? அவரை யாரென்று தெரியாதபோதும் அப்படித்தானே எழுதினேன்.

என் புருஷனுடைய பயம் என் நல்ல படமாகிவிட்டது. இதை யாரிடம் சொல்வது?

வெட்டியதையே தபாலில் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது. முழுப் படத்தின் சின்ன பிரிண்ட் ஏற்கனவே அவர்களிடம் இருக்கிறது.

14 ஜூன், திங்கள்

காலையிலேயே டெலிபோன் ஆபீசில் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் மாங்காய் வியாபாரி ரங்கையா. லாரி வரவில்லை என்று பூத்துக்குள் கத்திக்கொண்டே இருந்தார். என் முறை எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து விரல் நகத்தை எல்லாம் கடித்துவிட்டேன்.

வேதாச்சலம் நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம். "வெட்டி அனுப்பினது வந்துச்சும்மா. அது வேணாம். அந்த ஓரத்து ஆள்தான் படமே. பழைய பிரிண்டையே பெருசு பண்ணிப் போட்டுக்கறோம். ஆமா, யாரும்மா அவர்? எதுக்கு அப்படி மெரண்டு நிக்கறார்?"

"தெரியாது சார்" என்றேன். என் புருஷனை. குருவைத் தெரியாது என்ற சீஷனைப் போல; சேவல் கூவாததுதான் பாக்கி.

வெட்டியதைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஆசிரியரைக் கேட்டுவிட்டு வந்தார். முழுப் படம், அல்லது வேறொருவர் படம். நடுப்பக்கம் நாளைக்கு அச்சுக்குப் போகிறது, சாயங்காலத்துக்குள் தந்தி கொடுங்கள் என்றார். "நல்லா யோசிங்கம்மா. இப்படி ஒண்ணு அடிக்கடி கெடைக்காது."

எனக்குத் தெரியாதா?

ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு பெண் பிள்ளைக்குப் படம் எடுக்க வந்தாள், நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். முழுப் படத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தேன். கிருபாவதி தியோடர், சித்தூர். முப்பத்தி நாலு வயதாகிறது. இன்னொரு முறை யார் எனக்கு இரண்டு பக்கம் தரப் போகிறார்கள்? அவர் தப்பு செய்தார், அவர் தலையெழுத்து, நான் ஏன்? இப்படியும் நினைத்தேன், மறைப்பானேன்.

தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். 'படத்தை நிறுத்தவும்.' ஃபாரத்தை வாங்கியவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "இதேனாம்மா?" என்றார். இதேதான் என்றேன்.

15 ஜூன், செவ்வாய்

அவரிடம் சொன்னேன். நிறுத்திட்டேன், இனிமேல் ஒன்றுமில்லை, கமிட்டிக்கு நிம்மதியாகப் போங்கள் என்று. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். 

போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

17 ஜூன், வியாழன்

பத்திரிகை வந்துவிட்டது. நடுப்பக்கத்தில் யாரோ எடுத்த கடற்கரை. நல்ல படம்தான், சனியன்.

19 ஜூன், சனி

கமிட்டி. வெள்ளை வேட்டி சட்டையில் போனார். நான் வீட்டில் இருந்தேன். இந்தப் பதவிக்கு நிற்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம், அந்தக் காலத்து வெள்ளைக்கார மிஷனரி எழுதி வைத்துவிட்டுப் போனது. அந்நிய தெய்வத்தின் முன் நீர் நின்றதுண்டா? 'இல்லை ஐயா' என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். கேட்கிறவரும் பதிலைக் காதில் வாங்குவதில்லை, கேட்கும்போதே அடுத்த காகிதத்தைத் தேடிக்கொண்டிருப்பார் என்று ஓய்வு பெற்றவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

"நின்னேன் ஐயான்னு சொல்லிட்டேன்" என்றார். "எல்லாம் சொல்லிட்டேன். சேல கட்னதும்."

20 ஜூன், ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லச் சொன்னேன். நிஜமாகவே வலிக்கிறது.

நேற்று நான் பேசிய பேச்சை எழுதக் கூடாது. எழுதுகிறேன். பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். ஏகவசனத்தில். பின்ன எதுக்கு நான் படத்த நிறுத்தினேன்? அதையாச்சும் போட விட்டிருக்கலாமே! என் படமும் போச்சு, உங்க வேலையும் போச்சு, ரெண்டையும் கொண்டுபோய்க் கெணத்துல போட்டுட்டு இப்ப வந்து தண்ணி கேக்கறீங்களா? கிரேஸ் பயந்து மணியம்மா வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னது இது: "படம் வந்திருந்தா நான் மறுத்துருப்பேன் கிருபா. தயாரா வெச்சிருந்தேன். அது நான் இல்ல, மூஞ்சே வேற, சேல எந்தக் கடையிலயும் கெடைக்கும்னு சொல்லியிருப்பேன். சாதிச்சிருப்பேன். நீ நிறுத்திட்டேன்னு வந்து சொன்ன பாரு. அப்புறம் முடியல. போதகர் தலைய நிமித்தாமயே கேக்கறாரு, இல்லன்னு சொல்ல வாயத் தொறக்கறேன், நீ தந்தி ஆபீசுக்கு நடந்து போற மாதிரியே தெரியுது."

 கோபம் போகவில்லை. இப்போதும் போகவில்லை. ஆனால் பதினொரு வருஷத்தில் இவர் இப்படி முழுசாக ஒன்றைப் பேசிக் கேட்டதில்லை.

22 ஜூன், செவ்வாய்

அசரியா போதகர் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். மனுஷருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இவர் பொய் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை மிச்சம். கிறிஸ்துமஸ் வரைக்கும் இவரைத் திருவிருந்துக்குச் சேர்ப்பதில்லை என்று தீர்மானமாம். வாத்தியார் வேலைக்குக் குந்தகமில்லை, தலைமையாசிரியர் வேறொருவர். எழுந்து போகும்போது என்னிடம், "ஒழுங்கு நடவடிக்கை அவருக்கு மட்டும்தாம்மா. நீங்க தாராளமா வரலாம். உங்க மேல சபைக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார்.

நானும்தானே ஜாத்திரைக்குப் போனேன் என்றேன். "நீங்க படம் எடுக்கப் போனீங்க" என்றார். அவ்வளவு சுலபம்.

27 ஜூன், ஞாயிறு

சபையில் வாசித்துவிட்டார்கள். பெயர் சொல்லி. அவர் நின்றுகொண்டே கேட்டார், உட்காரலாம் என்று யாரும் சொல்லாததால் பாட்டு முடியும் வரை நின்றார். வாசலில் பெண்கள் என்னிடம் ரொம்ப அன்பாக இருந்தார்கள். அரிசி விலை, மழை எல்லாம் பேசினார்கள். அவரிடம் ஆம்பிளைகள் ஒருத்தரும் வரவில்லை. கிரேஸ் மட்டும் "நைனா, தூக்கு" என்று ஏறிக்கொண்டாள். ஏழு வயதுக் கழுதை.

1 ஜூலை, வியாழன்

அவர் வீட்டில் நடக்கும்போது சத்தமே வருவதில்லை. கதவைச் சாத்தினால்கூட. கத்தலாமே, நான் கத்தியதற்கு ஒரு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாமே. பிரிண்ட் எங்கே என்று கேட்டார். பீரோ மேலே சுருட்டி வைத்திருக்கிறேன் என்றேன். எடுத்து விரித்துப் பார்த்தார். "நல்லாத்தான் எடுத்துக்கீற" என்றார்.

4 ஜூலை, ஞாயிறு

திருவிருந்து.

நாங்கள் வழக்கமாக உட்காருகிற வரிசையிலேயே உட்கார்ந்தோம். கடைசி வரிசைக்குப் போகலாம் என்றார், நான் போகவில்லை. எங்களுக்கு முன் வரிசை எழுந்து போய் முழங்காலிட்டுத் திரும்பி வந்தது. எங்கள் முறை. அவர் நான் போவதற்கு வழிவிட்டு முழங்காலை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "போ, கிருபா" என்றார்.

எழுந்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. பாட்டுப் புத்தகத்தைக் கூட மூடி வைத்துவிட்டேன். எழுந்திருக்கவில்லை. எங்கள் வரிசைக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். போதகர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தார். காத்திருந்தார். பிறகு அடுத்த வரிசையைக் கூப்பிட்டார்.

இவர் இன்னொரு தரம் 'போ' என்று சொல்லவில்லை. திருப்பிய முழங்காலை மட்டும், நான் போவதற்காக, கடைசிப் பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.